கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்

என் கணவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? அவசரப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. வயது, சர்க்கரை, பிரஷர், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொன்னேன். இதற்கு மட்டும் வாயைத் திறந்து மூடினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாத்திரம் கழுவும்போதும், மகளை நர்சரிக்குக் கூட்டிப் போகும்போதும் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கடைசியிலிருந்து முதலுக்கு நடந்து பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு இடத்தில் போய் நிற்கிறேன்.

நாங்கள் கள்ளக்குறிச்சியில் குடியிருக்கிறோம். அவர் விதையும் உரமும் விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறார், தையல் கடை வைத்திருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்த தம்பியை வளர்த்தவர் அண்ணிதான். இன்றைக்கும் அவருக்குக் காய்ச்சல் என்றால் அண்ணியின் கைதான் முதலில் நெற்றிக்குப் போகும். அப்புறம்தான் என் கை.

படகில் போக வேண்டுமென்று மகள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மலைமேல் கரியாலூரில் படகுத் துறை இருக்கிறதே, பேருந்தில் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு முந்தின நாள் சாயந்தரம் அவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார்.

எங்கள் பக்கத்தில் முடிவெட்டு கத்தரியோடு முடிவதில்லை. எண்ணெய் வைத்துத் தலையைத் தட்டி, தோளைப் பிசைந்து, கடைசியில் தாடையையும் பின்மண்டையையும் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. சொடக்கு விழ வேண்டும். வழக்கமாக வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் சலூன்காரர் செய்கிற மரியாதை அது. விழாவிட்டால் மறுபடி ஒரு முறை திருப்புவார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் கணவர், இரண்டு பக்கமும் நல்ல சத்தம் என்று பெருமையாகச் சொன்னார். என் மகள் உடனே தன் பொம்மையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பினாள். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

ஞாயிறு காலை எழுந்ததும் கழுத்தின் இடது பக்கம் பிடித்திருக்கிறது, பின்மண்டையும் வலிக்கிறது என்றார். தலையணை சரியில்லை என்று அவரே காரணமும் சொன்னார். தைலம் தடவிவிட்டேன். அப்படியென்றால் காலையில் அவர் நன்றாக இருந்தார் என்று சொல்லலாமா? குளித்தார், இட்லி சாப்பிட்டார், பேருந்தில் ஏறினார், கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் மகளுக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டார். நன்றாகத்தான் இருந்தார்.

கரியாலூரில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டோம். படகில் போனோம். இறங்கினதும் கரையில் காலை அகட்டி வைத்து நின்றுகொண்டு அவர் சொன்னார்:

“இன்னாடி இது, எறங்கியும் படகு ஆடிக்கினே இருக்குது.”

அது எல்லோருக்கும் தோன்றுவதுதானே. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. மகள் அவரைப் பார்த்து அதே மாதிரி காலை அகட்டித் தள்ளாடிக் காட்டினாள். நான் போனை எடுத்து இருவரையும் படம் பிடித்தேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. விரலால் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவருடைய இடது இமை கொஞ்சம் இறங்கியிருக்கிற மாதிரி தெரிகிறது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கலாம். இன்னும் பெரிதாக்கினால் முகமே கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது.

திரும்பி வரும்போது இறக்கம். அந்தப் பாதையில் பாதிப் பேருந்து வாந்தி எடுக்கும், யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை. கண்டக்டர் கேட்காமலே பிளாஸ்டிக் கவர் நீட்டுவார். யாராவது ஒருவரிடம் எலுமிச்சம்பழம் இருக்கும். முதலில் மகள் எடுத்தாள், அப்புறம் நான். எங்களுக்கு முன் சீட்டில் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எடுத்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பழத்தைக் கீறி என்னிடம் கொடுத்து, ஆம்பளைக்கும் வருது பாரு என்று சிரித்தார். நான் மகளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த மருத்துவருக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மகளுக்குப் பசி வந்துவிட்டது. எனக்கும் தெளிந்துவிட்டது. அவர் மட்டும் படியிலிருந்து இறங்கி, இடது பக்கமாகவே போய், நின்றுகொண்டிருந்த ஒருவர் தோளில் மோதினார். நேராக்கி நிறுத்தினேன். மறுபடி அதே பக்கம் சாய்ந்தார். அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பொண்டாட்டி புள்ளைய இட்டுக்கினு மலைக்குப் போயும் இப்படியாம்மா?”

மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சுவார்கள். அங்கிருந்து தள்ளாடி இறங்குகிற ஆணைப் பார்த்தால் எங்கள் ஊர் என்ன நினைக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆட்டோக்காரரும் அதையேதான் நினைத்தார். வண்டிக்குள் வாந்தி எடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எங்கே குடித்தார் என்று விசாரித்தார். என் கணவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அதைச் சொன்னேன். எல்லா மனைவிகளும் சொல்வதுதானே என்பது போலத் தலையாட்டினார்.

வீட்டு வாசலில் அவரை நானும் ஆட்டோக்காரருமாகத் தாங்கி இறக்கினோம். அண்ணி ஓடி வந்தார். தம்பியைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தப் பார்த்தது.

“உள்ள இட்டுக்கினு வா மொதல்ல. தெருவே பாக்குது.”

அப்புறம் குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தார். எலுமிச்சை வாசனையும் வாந்தி வாசனையும்தான் இருந்திருக்கும். அண்ணியின் முகம் தெளிந்தது. குடியில்லை என்றானதும் மற்றதெல்லாம் அவருக்குச் சின்ன விஷயமாகிவிட்டது. பித்தம் ஜாஸ்தியாகிவிட்டது, கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை, படுத்தால் சரியாகிவிடும் என்றார். சுக்குக் காபி போட்டு எடுத்து வந்தார்.

படுத்திருக்கும்போது அவர் பரவாயில்லை என்றுதான் சொன்னார். காபி குடிக்க உட்கார வைத்தோம். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தவர் அப்படியே இடது பக்கம் சாய்ந்தார். தூக்கி நிறுத்தி நான் தோளைப் பிடித்துக்கொள்ள, அண்ணி டம்ளரை வாயில் வைத்தார். ஒரு வாய் குடித்தார். பாதி காபி மூக்கு வழியாக வந்தது. இருமி முடித்து ஏதோ சொன்னார். குரல் அவருடையதாக இல்லை, தொண்டையில் துணி அடைத்த மாதிரி கரகரத்தது. பிறகு விக்கல் பிடித்தது. நிற்கவே இல்லை.

“அப்பாவ யாரோ நெனச்சிக்கினே இருக்காங்க,” என்றாள் மகள்.

தலை ரொம்பச் சுற்றுகிறதா என்று அவரிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே யோசித்தார்.

“சுத்துறது கம்மியாயிடுச்சு. யாரோ என்னைய அந்தப் பக்கமா புடிச்சி இழுக்கற மாதிரி இருக்குது.”

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அண்ணிக்குப் பிடிக்கவில்லை. தூங்கி எழட்டும், பஸ்ஸில் நீங்களும்தானே வாந்தி எடுத்தீர்கள், அதற்கெல்லாம் ஆஸ்பத்திரியா என்றார். நான் எதற்கும் பயப்படுகிறவள் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகளுக்கு ஒரு தும்மல் வந்தாலே தெர்மாமீட்டரைத் தேடுவேன். அதனால் என் பயத்துக்கு எங்கள் வீட்டில் மதிப்பு கொஞ்சம் குறைவு. எனக்கே குறைவுதான். வழக்கமான பயமா, நிஜமான பயமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மகள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபோதுதான் சொல்ல வார்த்தை கிடைத்தது.

“எங்களுக்கு பஸ்ஸவுட்டு எறங்கினதும் நின்னுடுச்சு அண்ணி. இவருக்கு நிக்கலையே.”

அண்ணி செருப்பை மாட்டினார். போய் ஆட்டோ கூட்டி வந்தார். மகளைத் தன் மருமகளிடம் விட்டுவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் அந்தப் பெண் மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். அண்ணி கிழங்கிலிருந்து தொடங்கி பேருந்து, வளைவு, பித்தம் என்று எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பித்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் படகு என்று ஆரம்பித்து, இல்லை பேருந்து என்று மாற்றி, காலையில் கழுத்து வலித்தது என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையில் அவர் பேனாவை நிறுத்தினார். எந்தப் பக்கம், அடிபட்டதா, பளு தூக்கினாரா என்று கேட்டார். சலூன் விஷயத்தைச் சொன்னேன். உடனே அங்கிருந்த நர்ஸிடம், நான் சொல்கிறவரை இவர் கழுத்தை யாரும் திருப்ப வேண்டாம் என்றார்.

தலையை அசைக்காமல் விரலை மட்டும் கண்ணால் பின்தொடரச் சொன்னார். நானும் எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் பார்க்கும்போது கருவிழி இடது பக்கமாக வெட்டி வெட்டித் துடித்தது. வலது பக்கம் பார்த்தால் வலது பக்கமாகத் துடித்தது. முகத்தின் இரண்டு பக்கமும் ஏதோ குளிர்ந்த இரும்பை வைத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் என் கணவர். எதையும் பிடித்துக்கொள்ளாமல் உட்காரச் சொன்னார் மருத்துவர். அவரால் முடியவில்லை.

“தலைசுத்தலோட இங்க வர்றவங்கள்ல நிறைய பேருக்கு காதுலதான் கோளாறு இருக்கும்,” என்றார் மருத்துவர். “அது எவ்வளவு மோசமா இருந்தாலும் புடிச்சிக்காம உக்காந்துடுவாங்க. கண்ணும் ஒரே திசையிலதான் துடிக்கும். இது அப்படி இல்ல. எனக்கு மூளை மேல சந்தேகமா இருக்கு.”

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அண்ணி சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா என்றேன் நானும். ஆனால் மருத்துவரின் முகம் மாறவே இல்லை. ரத்தக் கசிவு இல்லை என்பதைத்தான் இந்த ஸ்கேன் சொல்கிறது, மூளையின் பின்பக்கம் அடைப்பு இருந்தால் ஆரம்பத்தில் இதில் தெரியாமலே போகும், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், சேலத்துக்கு அனுப்புகிறேன் என்றார்.

“நல்லாருக்குன்னு ரிப்போட்டே வந்துடுச்சு,” என்றார் அண்ணி. “அப்புறம் இன்னாத்துக்கு சேலம்? இந்த ஒடம்ப வச்சிக்கினு அம்மாந்தூரம் அலைக்கழிக்கணுமா? வூட்டுக்குப் போலாம்.”

என் கணவரும் கண்ணைத் திறக்காமல், கரகரத்த குரலில், விக்கலுக்கு நடுவே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

இரண்டு பேர் ஒரு பக்கம். ஒருவர் நோயாளி, இன்னொருவர் அவரை வளர்த்தவர். கையில் நன்றாக இருப்பதாகச் சொல்லும் காகிதம். மறுபக்கம் அன்றைக்குத்தான் பார்த்த ஒரு மருத்துவரும், எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நானும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணியின் பேச்சை நான் மீறியதில்லை. என்ன சமைக்கலாம் என்பதைக்கூட கேட்டுத்தான் செய்வேன். ஆம்புலன்ஸ் சொல்லுங்கள் என்று மருத்துவரிடம் நான் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன்.

அண்ணி என்னை விட்டு விலகிப் போய் நின்றார். ஆனால் ஆம்புலன்ஸ் வந்ததும் முதலில் ஏறி உட்கார்ந்தது அவர்தான். சின்னசேலம் தாண்டும்வரை தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். தம்பிக்கு விக்கல் வரும்போதெல்லாம் அண்ணியின் தோளும் சேர்ந்து குலுங்கியது.

சேலத்தில் தெரிந்தது. கழுத்து வழியாக மூளையின் பின்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில், இடது பக்கத்தில், உள்சுவர் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் ரத்தம் கட்டி, மூளைத்தண்டில் ஒரு சிறிய பகுதிக்கு ரத்தம் போகாமல் நின்றிருந்தது. இதுவும் ஒரு வகைப் பக்கவாதம்தான் என்றார்கள். விழுங்குவது, குரல், நேராக நிற்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான் நெருக்கியடித்து இருக்கின்றனவாம். அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோய் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் போட வேண்டும், தொடங்கியது எப்போது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு என்றார்கள். என் பதிலை வைத்து அந்த ஊசியைப் போட முடியவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்து, சாப்பாட்டுக்கு மூக்கில் குழாய் வைத்து, பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தெரியாமல் போனது உங்கள் தப்பில்லை என்று அங்கிருந்த பெரிய மருத்துவர் சொன்னார். சலூன் சொடக்கால்தான் கிழிந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சிலருக்குக் காரணமே இல்லாமலும் கிழியும், ஆனால் இனிமேல் அது வேண்டவே வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர் தேறிவிட்டார். குழாயை எடுத்தார்கள், குரல் திரும்பியது, நடக்கிறார், கடைக்குப் போகிறார். வலது கைக்கு மட்டும் சூடு தெரிவதில்லை. குளிக்கும் வெந்நீரை இடது கையால்தான் தொட்டுப் பார்ப்பார். முடிவெட்டுக்கு அதே சலூனுக்குத்தான் போகிறார். கழுத்து வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுகிறார். சலூன்காரர் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தவர். அவரிடம் காரணத்தைச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை. மகளின் கையிலிருந்து அந்தப் பொம்மையை மட்டும் நான் எடுத்து ஒளித்துவைத்தேன்.

எனக்குத்தான் தேறவில்லை. லேசாகத் தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னால் போதும், ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவேன். ஒரு தடவை காலையில் சாப்பிடாமல் வெயிலில் மூட்டை இறக்கியதால் வந்தது. இன்னொரு தடவை படுக்கையில் புரளும்போது மட்டும் வந்து சட்டென்று நின்றது, அது காதுக் கோளாறுதான் என்று சோதித்துச் சொன்னார்கள். வந்தது நல்லதுதான், தயங்காமல் வாருங்கள் என்றார்கள். நிற்க முடியாத தள்ளாட்டம், இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது, முகமோ கையோ மரத்துப்போவது, புதிதாகக் கழுத்திலோ பின்மண்டையிலோ வலி, இதில் எது தலைசுற்றலோடு சேர்ந்து வந்தாலும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். எனக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் இதில் பாதியை அவர் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

போன வாரம் மகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சும்மா பேசிக்கொண்டே வந்தவள் சொன்னாள்:

“அப்பா பாத்ரூம்கிட்ட செவுத்த புடிச்சிக்கினு நின்னாரு. அம்மாகிட்ட சொல்லாதன்னாரு.”

என்றைக்கு என்று கேட்டதற்கு, அன்னிக்கு என்றாள். அவளுக்கு நேற்றும் அன்றைக்குத்தான், போன மாதமும் அன்றைக்குத்தான். விரலைக் காட்டி நிறைய தடவை என்றாள்.

சாயந்தரம் அவர் வந்ததும் கேட்டேன். கோபப்படாமல் கேட்க வேண்டுமென்று நாள் முழுக்க ஒத்திகை பார்த்தும் என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“சொன்னா நீ ஆட்டோவ கூப்புடுவ. அங்க போனா எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருப்பாங்க. ஒரு நொடி வந்துச்சு, போயிடுச்சு. மனுஷனுக்கு சும்மா தலை சுத்தக்கூடாதா?”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல உடம்புக்காரர்களுக்கும் தலை சுற்றுகிறது, அவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். என் பயமே அவர் வாயைக் கட்டிவிட்டது என்பதும் புரிகிறது. ஆனால் மறுபடி ஒரு நாள் அவசரப் பிரிவில் யாராவது என்னிடம் அதே கேள்வியைக் கேட்டால், இந்தத் தடவை ஒரே வீட்டுக்குள் இருந்தும் எனக்குத் தெரிந்திருக்காது. மகளிடம், அப்பா எப்போது சுவரைப் பிடித்தாலும் வந்து சொல் என்று சொல்லிவைக்கலாமா என்று நினைத்தேன். அவள் வயது நான்கு. அவளை அப்பாவுக்குக் காவல் வைப்பது சரியா என்று தெரியவில்லை. வைக்காமல் விடுவதும் சரியா என்று தெரியவில்லை. அண்ணியைக் கேட்டேன். அவரும் இப்போதெல்லாம் தம்பியைத் தையல் மிஷினிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், என்னிடமே திருப்பிக் கேட்டார்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். பக்கவாதம் வந்து பிழைத்தவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். பிழைத்தவர்களே இருக்கலாம். ஒரு மனிதர் ஒளிக்காமல் தன் உடம்பைச் சொல்ல வேண்டுமென்றால் வீட்டில் இருப்பவள் எப்படிக் கேட்க வேண்டும்? அவர் சொன்ன பிறகு முதல் ஐந்து நிமிஷம் நான் என்ன செய்தால், அடுத்த தடவையும் சொல்வார்? நீங்கள் செய்து பார்த்தது ஏதாவது இருந்தால், பலிக்காமல் போனதாக இருந்தாலும், எனக்கு எழுதுங்கள்.